பரோக்கையும் கிளாசிக்கலையும் காதால் பிரிப்பது எப்படி?

கேள்வி இது: “இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ வழியாகத்தான் பாக்கைக் கேட்க ஆரம்பித்தேன். அப்படியே விவால்டி, மொசார்ட், பீத்தோவன் என்று போனேன். இவர்களில் சிலரை பரோக் என்கிறார்கள், சிலரை கிளாசிக்கல் என்கிறார்கள். என் காதுக்கு எல்லாமே வயலின் கும்பல்தான். ஃபியூக், சொனாட்டா, கன்செர்ட்டோ என்ற பெயர்களும் குழப்புகின்றன. எப்படிப் பிரித்துக் கேட்பது?”

வயலின் கும்பல் என்பதைப் படித்துச் சிரித்துவிட்டேன். எனக்கும் பல வருடம் அப்படித்தான் கேட்டது. சின்ன வயதில் டிரினிட்டி கிரேடு பரீட்சைக்காகப் பியானோ கற்றுக்கொண்டு, பாதியில் நிறுத்தி, அதற்கப்புறம் வெறும் ரசிகனாகவே காலத்தை ஓட்டியவன் நான். வித்தியாசம் எனக்குப் பிடிபட்டது புத்தகத்தால் இல்லை, இடது கையால். அதனால் பதிலையும் அங்கிருந்தே தொடங்குகிறேன்: மேலே ஓடும் மெட்டைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு, அடியில் பேஸ் (பியானோவில் இடது கை வாசிக்கும் கீழ்க்குரல்) என்ன செய்கிறது என்று கேளுங்கள். பேஸ் ஓயாமல் நடந்துகொண்டே இருந்தால் பெரும்பாலும் பரோக். பேஸ் ஓரிடத்தில் உட்கார்ந்துகொண்டு மேலே இருப்பவரைப் பேசவிட்டால் பெரும்பாலும் கிளாசிக்கல். மற்ற வித்தியாசங்கள் பலவும் இதிலிருந்து கிளைத்தவைதான் என்பது என் எண்ணம்.

பெயர்க்குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். ஐரோப்பியச் செவ்வியல் இசை முழுவதையும் நாம் ‘வெஸ்டர்ன் கிளாசிக்கல்’ என்கிறோம். அதற்குள்ளேயே ஒரு குறிப்பிட்ட காலத்துக்கும் கிளாசிக்கல் என்றே பெயர். ஏறத்தாழ 1600 முதல் 1750 வரை பரோக், அங்கிருந்து 1820கள் வரை கிளாசிக்கல். 1750 பாக் இறந்த வருடம், வசதிக்காக அங்கே கோடு போட்டுவிட்டார்கள். பரோக் என்ற பெயர் இசைக்கு வந்ததே ஒரு வசவாகத்தான். 1768இல் வந்த தன் இசை அகராதியில் ரூசோ, ஹார்மனி குழம்பிப்போய் அபசுரம் மலிந்த இசை என்கிற மாதிரிதான் அதற்குப் பொருள் எழுதினார். நீங்கள் சொன்ன இளையராஜா ஆல்பம் தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பிக்கப்பட்டது என்பதால் இருவரும் சமகாலத்தவர் என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். தியாகராஜர் 1767இல் பிறந்தபோது பாக் இறந்து 17 வருடம் ஆகியிருந்தது. அவருக்குச் சமகாலத்தவர் பீத்தோவன்.

சரி, பேஸுக்கு வருவோம்.

பரோக் இசைக்கு ‘பாஸோ கன்டினுவோ’தான் அஸ்திவாரம். இடைவிடாமல் ஓடும் பேஸ் என்று பொருள். செல்லோவோ பஸூனோ அந்த வரியை வாசிக்கும். பக்கத்தில் ஹார்ப்சிகார்டோ (பியானோவுக்கு முந்தைய கட்டை வாத்தியம்) ஆர்கனோ இருக்கும். அதை வாசிப்பவர் முன்னாலுள்ள தாளில் முழு இசையும் எழுதியிருக்காது. பேஸ் சுரங்களும், அவற்றின் அருகே 6, 7 என்று சில எண்களும்தான். எந்த எண்ணுக்கு எந்தக் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டம்) என்று பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்து, கை போன போக்கில் அழகாக நிரப்புவது அவர் பாடு. நம் ஊர் மெல்லிசைக் குழுவில் கிட்டார்காரருக்கு வெறும் கார்டு பெயர்களை மட்டும் எழுதிக் கொடுப்பார்கள் அல்லவா, ஏறக்குறைய அதேதான். பேஸ் வரி நின்றுபோனால் இந்த ஆளுக்கு வேலை இல்லை. அதனால்தான் அது நிற்பதே இல்லை.

பேஸை மட்டும் வைத்தே ஒரு மனிதன் என்ன செய்துவிட முடியும் என்று பார்க்க ஹென்றி பர்செல்லிடம் போங்கள். 1680களில் எழுதிய ‘டைடோ அண்ட் ஈனியாஸ்’ ஓபராவில், காதலன் கைவிட்ட ராணி டைடோ சாவதற்கு முன் ஒரு பாட்டுப் பாடுவாள். அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே பேஸ் தனியாக வந்துவிடும். ஜி-யில் தொடங்கி டி வரை, கறுப்புக் கட்டை வெள்ளைக் கட்டை எதையும் விடாமல் அரை அரைச் சுரமாக இறங்கி, பிறகு மீண்டும் ஜி-யில் வந்து சேரும். மொத்தம் 5 பார் (நம் ஆவர்த்தனம் மாதிரி ஒரு தாளச் சுற்று). அதே ஐந்து பார் பாட்டு முடியும்வரை மாறாமல் திரும்பத் திரும்ப வரும். இதில் பர்செல்லின் கெட்டிக்காரத்தனம் எங்கே என்றால், டைடோவின் வரிகள் அந்த ஐந்து பாருக்குள் அடங்குவதில்லை. பேஸ் ஒரு சுற்றை முடிக்கும்போது அவள் வரி பாதியில் நிற்கும். அவள் மூச்சு விடும்போது பேஸ் அடுத்த சுற்றில் பாதி இறங்கியிருக்கும். அவளுக்காக அது காத்திருப்பதே இல்லை. விதி என்று தனியாக ஒரு கதாபாத்திரம் வைத்திருந்தால்கூட இவ்வளவு பயம் வந்திருக்காது. இப்படி ஒரே பேஸ் வரியின் மேல் கட்டுவதற்கு ‘கிரவுண்ட் பேஸ்’ என்று பெயர். கல்யாண வீடியோக்களில் எல்லாம் வரும் பாகெல்பெலின் கேனனும் (ஒரே மெட்டைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரும் வடிவம்) இதே வகைதான். அதில் செல்லோ பாவம், எட்டே எட்டுச் சுரத்தை 28 தடவை வாசிக்க வேண்டும். செல்லோ வாசிக்கும் நண்பர்களிடம் அந்தப் பேரை எடுத்துப் பாருங்கள், முகம் மாறும்.

அடுத்து கன்செர்ட்டோ. பரோக் கன்செர்ட்டோவைப் புரிந்துகொள்ள நமக்குப் பல்லவி என்ற ஒரு சொல் போதும். முழு ஆர்கெஸ்ட்ராவும் ஒரு மெட்டை வாசிக்கும். அதற்கு ரிட்டொர்னெல்லோ என்று பெயர், ‘சின்னதாய்த் திரும்பி வருவது’. பிறகு தனி வயலின் தன் வித்தையைக் காட்டும். மறுபடி ரிட்டொர்னெல்லோவின் ஒரு துண்டு. மறுபடி தனி வயலின். நம் பல்லவியிலிருந்து வித்தியாசம் என்னவென்றால், இது திரும்பும்போது பெரும்பாலும் முழுசாக வராது, அதுவும் வேறு வேறு ஸ்கேலில் வரும். கடைசியில்தான் பழைய ஸ்கேலுக்கு வந்து சேரும். விவால்டி 1725இல் வெளியிட்ட ‘நான்கு பருவங்க’ளில் வசந்தத்தின் முதல் பகுதியைப் போட்டுக் கேளுங்கள். எல்லாருக்கும் தெரிந்த அந்த மெட்டு வரும். பிறகு மூன்று வயலின்கள் பறவைகளாகக் கீச்சிடும். மெட்டுத் துண்டு. ஓடை சலசலக்கும். மெட்டுத் துண்டு. இடி இடிக்கும். மறுபடி மெட்டு, இந்த முறை சோகச் சாயலுள்ள மைனரில், மழையில் நனைந்த மாதிரி. இந்த வடிவத்தை ஒருமுறை காது பிடித்துவிட்டால், விவால்டி எழுதிய கிட்டத்தட்ட 500 கன்செர்ட்டோக்களுக்கும் சாவி கிடைத்துவிட்டது.

விவால்டி வெனிஸில் ‘பியெத்தா’ என்ற அனாதை விடுதியில் பெண்களுக்கு வயலின் சொல்லிக்கொடுத்த பாதிரியார். அவருடைய கன்செர்ட்டோக்கள் அச்சாகி ஜெர்மனிக்குப் போய்ச் சேர்ந்தபோது, வைமார் அரண்மனையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த இளைஞர் பாக் அவற்றை எடுத்து ஹார்ப்சிகார்டுக்கும் ஆர்கனுக்குமாக மாற்றி எழுதிப் பார்த்தார். நல்ல மாணவன் மற்றவன் வீட்டுச் சமையலைச் செய்து பார்த்துத்தான் கற்றுக்கொள்வான். சில வருடம் கழித்து, 1721இல் அவர் பிராண்டன்பர்க் பிரபுவுக்கு அனுப்பிவைத்த ஆறு கன்செர்ட்டோக்களில் ஐந்தாவதைக் கேட்டால் அந்தப் பாடம் எங்கே போய் நின்றது என்று தெரியும். புல்லாங்குழல், வயலின், ஹார்ப்சிகார்ட் மூன்றும் முன்னணியில் இருக்கின்றன. ஹார்ப்சிகார்ட் வழக்கம்போல் பின்னால் கார்டு நிரப்பிக்கொண்டுதான் தொடங்குகிறது. கொஞ்சம் கொஞ்சமாக விரல்கள் நீளும். ஒரு கட்டத்தில் புல்லாங்குழலும் வயலினும் ஒதுங்கி நின்றுவிட, முதல் பகுதியின் கடைசியில் 65 பார் தனியாக வெறிபிடித்த மாதிரி ஓடும். பக்கவாத்தியக்காரர் கச்சேரியையே கைப்பற்றிவிட்டார்! ஆர்கெஸ்ட்ராவோடு கீபோர்டு முன்னணி வாத்தியமாக நிற்கும் வழக்கம் இப்படித் தொடங்கியதுதான். பின்னால் மொசார்ட்டும் பீத்தோவனும் எழுதிய பியானோ கன்செர்ட்டோக்கள் அந்த வம்சம்.

சொனாட்டா என்ற பெயர்தான் அதிகம் குழப்பும். பரோக் காலத்தில் அதற்கு ‘வாசிக்கப்படுவது’ என்பதற்கு மேல் பெரிய அர்த்தம் கிடையாது. பாடப்படுவது கன்டாட்டா, வாசிக்கப்படுவது சொனாட்டா, அவ்வளவுதான். ரோமில் கொரெல்லி எழுதிய டிரியோ சொனாட்டாக்களில் மூன்று வரிகள், ஆனால் பெரும்பாலும் நான்கு பேர் வாசிப்பார்கள்: இரண்டு வயலின், ஒரு செல்லோ, அந்தச் செல்லோவின் பேஸ் வரியையே பார்த்து நிரப்பும் ஒரு கீபோர்டு. ‘சூட்’ என்றால் நடன வகைகளின் தொகுப்பு. ஆலமாண்ட், குரான்ட், சரபாண்ட், ஜீக் என்று வரிசையாக வரும்.

ஃபியூக்குக்கு மட்டும் நின்று நிதானமாக நேரம் கொடுக்க வேண்டும். பலர் அதைக் கணக்குப் புதிர் மாதிரி பயமுறுத்திவிட்டார்கள். பாக் 1722இல் தொகுத்த ‘நன்கு சுருதி சேர்த்த கீபோர்டு’ முதல் பாகத்தில் இரண்டாவது ஃபியூக், சி மைனரில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தமே 31 பார்தான், இரண்டு நிமிடம்கூட ஓடாது. முதலில் ஒரே ஒரு குரல் தனியாக வரும். துள்ளலான, கொஞ்சம் குறும்பான இரண்டு பார் மெட்டு. அது நடுக்குரல். மூன்றாவது பாரில் மேல்குரல் அதே மெட்டைப் பஞ்சமத்துக்கு ஏற்றிச் சொல்லும், விவாதத்தில் பதில் சொல்வது மாதிரி. அப்போது நடுக்குரல் சும்மா இருக்காது, பதிலுக்குப் பொருத்தமாக வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும். ஏழாவது பாரில் பேஸ் அதே மெட்டோடு உள்ளே நுழையும். இப்போது மூன்று பேர் பேசுகிறார்கள், ஒருவர் பேச்சை ஒருவர் கெடுக்காமல். கடைசி மூன்று பாரில் பேஸ் சி-யில் அசையாமல் நின்றுவிட, மேலே மெட்டு ஒருமுறை வந்து, சட்டென்று மேஜரில் முடியும். வீட்டில் சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள் விருந்தாளி வந்ததும் சிரிப்பது மாதிரி இருக்கும் அந்தக் கடைசிக் கார்டு.

இந்த ஃபியூக்கைக் கற்றபோதுதான் என் இடது கை என்னைக் காட்டிக்கொடுத்தது. அதுவரை வாசித்த பாடங்களில் வலது கைக்கு மெட்டு, இடது கைக்கு எடுபிடி வேலை. இங்கே இடது கையும் அதே மெட்டை அதே கௌரவத்தோடு வாசிக்க வேண்டும். வலது கைக்கோ ஒரே நேரத்தில் இரண்டு ஆள் வேலை. நான் வலது கையை மட்டும் அழகாக வாசித்துக் காட்டியபோது ஆசிரியை சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “பேஸும் பாடணும்ப்பா, அது நாற்காலி இல்லை.”

பரோக்கில் இன்னொரு பழக்கமும் கவனியுங்கள். ஒரு பகுதி தொடங்கும்போது என்ன உணர்ச்சியோ, பெரும்பாலும் முடியும்வரை அதே உணர்ச்சிதான். சோகம் என்றால் கடைசிவரை சோகம், குதூகலம் என்றால் கடைசிவரை குதூகலம். ஓபராவில் இதற்கென்றே ‘ட காப்போ’ ஆரியா (தனிப்பாட்டு) இருந்தது: முதல் பகுதி, நடுவில் கொஞ்சம் மாறுதலாக ஒன்று, பிறகு ‘தலையிலிருந்து’ முதல் பகுதியே மறுபடி. மறுமுறை பாடும்போது பாடகர் தன் சங்கதிகளை இறக்குவார். ஹாண்டல் 1711இல் லண்டனில் ‘ரினால்டோ’ ஓபராவுக்காகப் போட்ட ‘லாஷியா கியோ பியாங்கா’ இந்த வகையில் மிக எளிதாகக் காதில் ஒட்டும் பாட்டு. அந்த மெட்டை அவர் ஏற்கெனவே இரண்டு இடத்தில் பயன்படுத்தியிருந்தார், முதலில் வெறும் நடன இசையாக. தன் மெட்டையே மறுபடி போடும் இசையமைப்பாளரைத் திட்டுகிறவர்கள் ஹாண்டலிடம் கணக்குக் கேட்கட்டும். 24 நாளில் ‘மெசையா’வை எழுதி முடித்த மனுஷன் அவர்.

இனி மாற்றம் எப்படி வந்தது என்று பார்க்கலாம். 1750இல் ஒருநாள் காலையில் வந்ததில்லை அது. பாக் உயிரோடு இருக்கும்போதே, 1730களில் நேப்பிள்ஸில் பெர்கொலேசி போன்றவர்கள் லேசான பேஸ், தெளிவான ஒற்றை மெட்டு, சின்னச் சின்ன வரிகள் என்று எழுத ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் பாணிக்கு ‘கலான்ட்’ என்று பெயர். 1737இல் ஷைபே என்ற இளம் விமர்சகர் பாக்கின் இசையைப் பற்றி எழுதிய குறை சுவாரசியமானது: எல்லாக் குரல்களும் சமமாக உழைக்கின்றன, எது முக்கியக் குரல் என்றே தெரியவில்லை என்றார். நாம் இன்று எதற்காகப் பாக்கைக் கொண்டாடுகிறோமோ அதையேதான் அவர் குற்றமாகச் சொன்னார். பாக்கும் புதியதைக் காது கொடுத்துக் கேட்காதவர் இல்லை. பெர்கொலேசியின் ‘ஸ்டாபாட் மாட்டெ’ரை எடுத்து ஜெர்மன் வார்த்தை போட்டுத் தன் தேவாலயத்துக்காக மாற்றி எழுதியிருக்கிறார்.

இரண்டு காலமும் ஒரே அறையில் சந்தித்த ஒரு மாலை உண்டு. 1747 மே 7, போட்ஸ்டாம் அரண்மனை. பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடெரிக் தினமும் மாலையில் புல்லாங்குழல் வாசிப்பவர், புதுப் பாணியின் ரசிகர். அவரிடம் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தவர் பாக்கின் மகன் கார்ல் ஃபிலிப் இமானுவேல். அவரும் புதுப் பாணிக்காரர்தான். 62 வயது அப்பா லைப்சிக்கிலிருந்து மகனைப் பார்க்க வந்து சேர்ந்ததும், மன்னர் அன்றைய கச்சேரியை விட்டுவிட்டு அவரை அழைத்துப்போய்த் தன் புதிய வாத்தியத்தைக் காட்டினார். ஜில்பர்மன் செய்த ஃபோர்ட்டேபியானோ அது. ஹார்ப்சிகார்டில் கட்டையை எப்படி அழுத்தினாலும் சத்தம் ஏறக்குறைய ஒரே அளவுதான். இதில் விரலின் பலத்துக்கு ஏற்ப மெதுவாகவும் உரக்கவும் பேசலாம். மன்னர் சி மைனரில் வளைந்து நெளியும் ஒரு மெட்டைக் கொடுத்து, இதை வைத்து ஃபியூக் வாசியுங்கள் என்றார். கிழவர் அங்கேயே மூன்று குரலில் வாசித்துக் காட்டினார். ஆறு குரலில் முடியுமா என்று மன்னர் கேட்டதற்கு, அந்த மெட்டு அதற்கு ஒத்துவராது என்று தன் மெட்டு ஒன்றில் ஆறு குரல் வாசித்தார். ஆனால் மனசு கேட்கவில்லை. ஊருக்குத் திரும்பி, சில மாதத்துக்குள் மன்னரின் மெட்டிலேயே ஆறு குரல் ஃபியூக், பத்து கேனன், மன்னரின் புல்லாங்குழலுக்கென்று ஒரு டிரியோ சொனாட்டா எல்லாம் சேர்த்து அச்சிட்டு ‘இசைக் காணிக்கை’ என்று அனுப்பிவைத்தார். அந்த சொனாட்டாவின் மூன்றாவது பகுதியைக் கேளுங்கள். மகன் தலைமுறையின் பெருமூச்சு விடும் கலான்ட் பாணியை அப்பா அச்சாகப் பிடித்திருப்பார், கூடவே மன்னரின் வாயில் நுழையாத சுரங்களையும் சொருகியிருப்பார். எனக்குப் பரோக்கின் கடைசிப் பக்கம் இதுதான்.

இப்போது கிளாசிக்கலின் இடது கை. பியானோ கற்ற பிள்ளைகள் எல்லாரும் வாசித்திருக்கும் மொசார்ட்டின் சி மேஜர் சொனாட்டா, கே. 545 (மொசார்ட் படைப்புகளுக்குக் கோஷெல் பின்னாளில் போட்ட எண்). ‘தொடக்கநிலையினருக்கு’ என்று அவரே தன் பட்டியலில் 1788 ஜூன் 26 என்ற தேதியிட்டு எழுதிவைத்தது. வலது கையில் ஒரு நிமிர்ந்த, நிதானமான மெட்டு. இடது கையில் என்ன? சி-யை ச என்று வைத்துக்கொண்டால், முதல் பார் முழுக்க ச-ப-க-ப, ச-ப-க-ப. ஒரு கார்டையே பிரித்துப்போட்டு ஆட்டிக்கொண்டிருக்கிறது. இதற்கு ‘ஆல்பர்ட்டி பேஸ்’ என்று பெயர். பாக்கின் பேஸ் இந்நேரம் நான்கு தெரு தாண்டியிருக்கும். இது தொட்டில் மாதிரி ஒரே இடத்தில் ஆடுகிறது. பேஸ் நகராததால் மேலே இருப்பவருக்கு இடம் கிடைக்கிறது. அவர் ஒரு வரி சொல்லி நிறுத்துவார், மூச்சு விடுவார், பதில் வரி சொல்வார். கேள்வி இரண்டு பார், பதில் இரண்டு பார். நாம் பேசுவது போலவே நிறுத்தற்குறிகள் வந்துவிட்டன.

நிறுத்தம் வந்தால் திருப்பமும் வரலாம். அதுதான் விஷயம். பரோக்கில் ஒரு பகுதிக்கு ஒரு உணர்ச்சி என்றேன். இங்கே ஒரே பகுதிக்குள், நான்கு பாருக்கு ஒருமுறைகூட முகபாவம் மாறலாம். அப்படி மாறும்போது மொத்தமும் சிதறாமல் பிடித்துவைக்கத்தான் ‘சொனாட்டா வடிவம்’ உருவானது. (மொசார்ட் காலத்தில் அதற்கு இந்தப் பெயரும் இல்லை, பாடப்புத்தகமும் இல்லை. பெயரும் விதிகளும் 19ஆம் நூற்றாண்டில் ஆசிரியர்கள் எழுதிக்கொண்டவை.) புத்தகங்களில் இரண்டு மெட்டுகளின் கதை என்று சொல்வார்கள். நான் இரண்டு ஊர்களின் கதை என்பேன். முதல் மெட்டு சொந்த ஊரான சி மேஜரில். பிறகு இசை மெல்லப் பயணம் செய்து ஜி மேஜருக்குப் போய்க் குடியேறிவிடும், அதாவது ப-வையே புதிய ச-வாக ஆக்கிக்கொள்ளும். இரண்டாவது மெட்டு அங்கேதான் வரும். நடுப்பகுதியில் எந்த ஊரும் நிலையில்லாமல் அலைச்சல். கடைசியில் முதல் மெட்டு சொந்த ஊரில் திரும்ப வரும், வெளியூரில் பிறந்த இரண்டாவது மெட்டும் இந்த முறை சொந்த ஊரிலேயே பாடும். ஸ்கேல் பெயர் தெரியாதவருக்கும் அந்தத் ‘திரும்பிவிட்டோம்’ என்ற நிம்மதி காதில் படும். இந்தச் சின்ன சொனாட்டாவில் மொசார்ட் ஒரு விளையாட்டும் செய்கிறார். முதல் மெட்டு திரும்ப வருவது சி மேஜரில் அல்ல, எஃப் மேஜரில். தவறான வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு, அங்கிருந்து சந்து வழியாகத் தன் வீட்டுக்கு வந்து சேர்வார். பிள்ளைகளுக்கு எழுதியதில் இந்தக் குறும்பு.

இந்த விளையாட்டை எல்லாம் ஆரம்பித்துவைத்த குரு ஹைடன். 1761இலிருந்து ஏறக்குறைய 30 வருடம் எஸ்டர்ஹாசி பிரபு குடும்பத்தின் ஊழியர். சீருடை போட்டுக்கொண்டு, இன்று என்ன இசை வேண்டும் என்று கேட்பதற்காக வாசலறையில் வந்து நிற்க வேண்டும் என்றுகூட அவருடைய ஒப்பந்தத்தில் இருந்தது. அந்த வேலையில் இருந்துகொண்டுதான் சிம்பனியையும் ஸ்டிரிங் குவார்ட்டெட்டையும் வளர்த்து ஆளாக்கினார். இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. ஹார்ப்சிகார்ட் இல்லை என்பதைக் கவனியுங்கள். கார்டு நிரப்ப இனி ஆள் தேவையில்லை, நடுக்குரல்களுக்கு வேண்டியதை ஹைடனே எழுதிவிட்டார். பாஸோ கன்டினுவோவுக்கு இப்படி மெதுவாக ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள்.

1781இல் எழுதிய ஓபஸ் 33 (ஓபஸ் என்பது வெளியீட்டு எண்) குவார்ட்டெட்டுகளில் இரண்டாவதின் கடைசிப் பகுதியை யாராவது பக்கத்தில் இருக்கும்போது போடுங்கள். உற்சாகமான மெட்டு ஓடி முடியும். திடீரென்று மெதுவாக, கோயிலில் பேசுவது போல் இரண்டொரு வரி. பிறகு பழைய மெட்டு துண்டு துண்டாக, ஒவ்வொரு துண்டுக்கும் இடையே மௌனம். முடிந்துவிட்டது. நீளமான மௌனம். கை தட்ட ஆரம்பிப்பார்கள். அப்போது மெட்டின் முதல் வரியை மட்டும் மிக மென்மையாகச் சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார். தொடக்கத்தால் முடிக்கிறார்! கேட்பவர்கள் அடுத்து என்ன வரும் என்று எதிர்பார்க்கப் பழகியிருந்தால்தான் இந்தக் கேலி எடுபடும். நான்கு நான்கு பாராக வரி பிரிப்பது அந்தக் காலத்து ரசிகர்களுக்கு அவ்வளவு பழகிப்போயிருந்தது.

மொசார்ட்டின் பியானோ கன்செர்ட்டோக்களில் விவால்டியின் ரிட்டொர்னெல்லோவும் ஹைடனின் சொனாட்டா வடிவமும் ஒன்று கலந்திருக்கும். 1785இன் டி மைனர் கன்செர்ட்டோவில் (கே. 466) தொடங்குங்கள். ஆனால் இந்தப் பாணியின் முழுப் பலமும் தெரிய வேண்டுமென்றால் ஓபராதான். 1786இன் ‘ஃபிகாரோவின் திருமணம்’, இரண்டாம் அங்கத்தின் முடிவு. பிரபுவும் மனைவியும் பூட்டிய கதவின் முன்னால் சண்டையில் தொடங்கி, ஆள்மேல் ஆளாக வந்துகொண்டே இருந்து, சுமார் 20 நிமிடம் கழித்து ஏழு பேர் ஒரே நேரத்தில் ஆளுக்கொன்றாகப் பாடிக்கொண்டிருப்பார்கள். கோபம், திகைப்பு, மன்னிப்பு, மறுபடி சந்தேகம் எல்லாம் இசை நிற்காமலே மாறும். ட காப்போ ஆரியாவை வைத்துக்கொண்டு இதைச் செய்யவே முடியாது. அங்கே எல்லாரும் தலையிலிருந்து மறுபடி பாட வேண்டியிருக்குமே.

என் ‘பேஸ்’ சூத்திரம் உடையும் இடங்களையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். 1782இல் வியன்னாவில் வான் ஸ்வீட்டன் என்ற பிரபு வீட்டில் ஞாயிறுதோறும் பாக்கும் ஹாண்டலும் மட்டுமே வாசிப்பார்கள். மொசார்ட் அங்கே போக ஆரம்பித்ததும் பழைய காய்ச்சல் அவரையும் பிடித்துக்கொண்டது. தொடக்கநிலை சொனாட்டாவுக்கு 1788 ஜூன் 26 என்று தேதி போட்டிருந்தார் அல்லவா? அவர் பட்டியலில் அதே தேதியில் இன்னொன்றும் இருக்கிறது: தந்தி வாத்தியங்களுக்கு சி மைனரில் ஓர் அடாஜியோவும் (மெதுவான பகுதி) ஃபியூக்கும். தொட்டில் பேஸும் ஃபியூக்கும் ஒரே நாள் கணக்கில். அதே வருடம் ஆகஸ்டில் முடித்த ‘ஜூபிட்டர்’ சிம்பனியின் கடைசிப் பகுதியில், ஐந்து தனித்தனி மெட்டுகளை வரிசையாக அறிமுகப்படுத்திவிட்டு, கடைசியில் ஐந்தையும் ஒன்றின்மேல் ஒன்றாக ஓடவிடுவார். ஹைடனும் 1772இலேயே ஓபஸ் 20 குவார்ட்டெட்டுகளில் மூன்றை ஃபியூக்கில் முடித்தவர்தான்.

பீத்தோவனைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும், இங்கே சுருக்கமாக. பான் நகரில் சிறுவனாக இருந்தபோதே பாக்கின் அந்த ஃபியூக் தொகுப்பை வாசித்தவர் அவர். அப்போது அது அச்சில்கூட இல்லை, கையால் எழுதிய பிரதிகளில்தான் சுற்றிக்கொண்டிருந்தது. 1792இல் வியன்னா வந்து ஹைடனிடம் படித்தார். ஹைடன் கட்டிய வீட்டின் சுவர்களைத் தள்ளித் தள்ளிப் பெரிதாக்கினார். கடைசிக் காலத்தில் ‘குரோஸ ஃபூகெ’ என்ற பிரம்மாண்டமான ஃபியூக்கை ஒரு குவார்ட்டெட்டின் முடிவாக வைத்து, 1826இல் கேட்டவர்களைத் திகைக்கவைத்தார். அவருடைய ஒன்பதாவது சிம்பனி முதன்முதலில் ஒலித்த தேதி 1824 மே 7. போட்ஸ்டாம் மாலைக்குச் சரியாக 77 வருடம். தற்செயல்தான், ஆனால் எனக்குப் பிடித்த தற்செயல்.

தொடங்குவதற்கு வரிசை கேட்டால் இப்படிக் கேளுங்கள்: பர்செல்லின் டைடோ பாட்டு, அடுத்து சி மைனர் ஃபியூக் மூன்று முறை (ஒவ்வொரு முறையும் ஒரு குரலை மட்டும் பின்தொடர்ந்து), அடுத்து கே. 545 முதல் பகுதி, கடைசியாக ஹைடனின் அந்தக் குறும்புக் குவார்ட்டெட். மொத்தம் முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஃபியூக்கை முதலில் பியானோவில் கேட்டுவிட்டு அப்புறம் ஹார்ப்சிகார்டுக்குப் போங்கள், குரல்களைப் பிரிப்பது சுலபமாக இருக்கும். தயவுசெய்து போன் ஸ்பீக்கரில் மட்டும் போடாதீர்கள். ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்ளுங்கள். இவ்வளவு நேரம் நான் சொன்ன கீழ்க்குரல் அந்தச் சின்ன ஸ்பீக்கரில் வரவே வராது. அப்புறம் வயலின் கும்பல்தான் மிஞ்சும்.